மாமாவுக்குக் கொண்டுபோன மாட்டு விலை

என்னுடைய கையெழுத்து அழகானது. இதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. அந்தக் கையெழுத்தால்தான் எனக்கு வேலை கிடைத்தது; அந்த வேலையால்தான் என் கல்யாணம் ஒரு வருசம் இழுபட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், சனிக்கிழமைகளில் ஒரு மாட்டுச் சந்தை கூடும். நான் உள்ளூர்ச் சபையில் இலிகிதர். ஐந்து நாள் கந்தோரில் கடிதம் எழுதுவேன். சனிக்கிழமை வந்தால் சந்தையடி மருத மரத்தின் கீழ் ஒரு மேசைக்கும் ஒரு கதிரைக்கும் ஒரு கரும்பலகைக்கும் நான்தான் அதிபதி. மாடு விற்க வருகிறவர் கிராம சேவகரிடம் வாங்கிய சீட்டைக் காட்ட வேண்டும். சொந்தக்காரரின் பெயரும், மாட்டின் தொடையில் சுட்டிருக்கும் குறியின் படமும் அதில் இருக்கும். படத்தையும் தொடையையும் ஒத்துப் பார்த்து நான் முத்திரை குத்தினால்தான் மாடு கைமாறும். சந்தை கலைகிற நேரத்தில் அன்றைய விலைகளைப் பலகையில் எழுதுவேன். அதையே ஒரு படிவத்திலும் நிரப்பி மேலிடத்துக்கு அனுப்புவேன்.

அந்தப் படிவத்தைத் தயாரித்த புண்ணியவான் எங்கள் பக்கத்தை ஒருநாளும் கண்டிருக்க மாட்டார். கறவைப் பசு, சினைப் பசு, நாம்பன், எருமை, ஆடு என்று வரிசையாக வந்து, கடைசியில் செம்மறிக்கும் ஓர் இடம் விட்டிருந்தார். எங்கள் சேற்றுக்கும் உப்புக் காற்றுக்கும் செம்மறி எங்கே வரப் போகிறது? கிழமைக்குக் கிழமை "செம்மறி: வரவில்லை" என்று எழுதிக் கை அலுத்துவிட்டது. ஒரே ஒரு தடவை ஒருவர் எங்கிருந்தோ ஒரு செம்மறியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். சந்தையே மாட்டை மறந்துவிட்டு அதைச் சுற்றி நின்றது. வாங்கத்தான் ஆளில்லை. அன்று "செம்மறி: வந்தது, கேட்பாரில்லை" என்று எழுதினேன். அதற்கு மேலிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டது.

விலையை அறிவதும் லேசான காரியமில்லை. விற்றவர் நாவூறு படும் என்று பயந்து குறைத்துச் சொல்வார். வாங்கியவர் தன் மாட்டின் பெருமைக்காகக் கூட்டிச் சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற தரகரிடம் கேட்டால்தான் உண்மை வரும். எங்கள் சந்தையில் பெரிய தரகர் ஒரு முஸ்லிம் மனிதர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கப் பயந்த காலத்திலும் அவர் ஒரு சனிக்கிழமையைத் தவறவிட்டதில்லை. கேட்டால், "கோவம் மனிசனுக்குத்தானே தம்பி, மாட்டுக்கென்ன?" என்பார். பிறகு என் காதுக்குள் உண்மை விலையைச் சொல்வார்.

அந்தப் பலகையில் சண்டை நிலவரமும் தெரியும். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை, இயக்கத்தின் கையில் இருந்தது. எங்கள் பக்கம் ஆமியின் கையில். மாடெல்லாம் அங்கே, சந்தை இங்கே. படுவான்கரையில் ஏதோ நடக்கப் போகிறது என்று ஒரு கதை கிளம்பினால் முதலில் விழுவது மாட்டு விலை. ஆட்டு விலை அசையாது, ஏனென்றால் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம். மாட்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை முகாமிலிருந்து ஓர் அதிகாரி வந்து, பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில், "மாடு ஏன் விழுந்தது? அந்தப் பக்கம் என்ன?" என்று கேட்டார். மழை என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

இனி கல்யாணக் கதைக்கு வருகிறேன்.

என் அம்மாவின் அண்ணன் படுவான்கரையில் இருந்தார். அவருடைய மகள் எனக்கு மச்சாள். சின்ன வயதிலேயே பேசி வைத்த சம்பந்தம்தான். ஆனால் பெரியவர்கள் பேசி வைத்தார்கள் என்பதற்காக நான் அவளை விரும்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதாலும் பதறமாட்டாள். எனக்கோ சோக்குத் துண்டு முறிந்தாலே கோபம் வரும். அவள் பக்கத்தில் இருந்தால் என் வாழ்க்கை ஒழுங்காகிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவான். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் மூலையில் ஒரு குடில் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். வீடு முடியாமல் கல்யாணம் இல்லை. மாமாவின் வீட்டில் சுவர் நன்றாக இருந்தது. கூரைதான் முந்திய சண்டையில் எரிந்துபோய், கிடுகையும் பழைய தகரத்தையும் வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். அதற்கு ஓடு போட வேண்டும். ஓட்டுக்குக் காசு கரடியனாற்றுப் பக்கத்து மேய்ச்சல் தரையில் நான்கு காலில் நின்றது. ஐந்து பசு. நான்கை விற்றாலே கூரை ஏறிவிடும்.

ஒருமுறை வாய்தவறி, "ஓடு நான் வாங்கித் தாறன் மாமா" என்றேன். மாப்பிள்ளை காசில் பெண்வீட்டுக்குக் கூரையா? மாமா மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

மாமா எழுவான்கரைக்கு வரமாட்டார். சென்றி என்கிற ஆமிச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று கையை உயர்த்த அவருக்கு மனமில்லை. அதனால் நான்தான் ஞாயிறு காலையில், பாதையில் ஏறி அக்கரைக்குப் போவேன். வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். சைக்கிளும் உழவு மெசினும் மாடும் மனிதரும் ஒன்றாகத்தான் கடப்போம். காலை நேரத்தில் வாவி எண்ணெய் பூசியது மாதிரிக் கிடக்கும். இரண்டு பக்கமும் துவக்கோடு ஆட்கள் நிற்பதைப் பாதை நடு வாவிக்கு வந்ததும் கொஞ்ச நேரம் மறந்துவிடலாம். அந்தப் பயணங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. போனால் மாமி மீன் ஆணமும் கட்டித் தயிருமாகச் சோறு போடுவார். மச்சாள் கிணற்றடியில் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். மாமா மாமர நிழலில் சாக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்குவார்.

"என்ன மருமகன், இந்தக் கிழமை எப்பிடிப் போச்சுது?"

"ஏறியிரிக்கு மாமா. கறவைப் பசுவுக்கு நல்ல விலை."

"ஏறுது எண்டா இன்னும் ஏறும். அவசரப்படப்படாது."

அடுத்த கிழமை இறங்கியிருக்கும்.

"விழுந்த விலைக்கு வித்தா ஊர் சிரிக்கும். ரெண்டு கிழமை பொறுப்பம்."

அதற்கடுத்த கிழமை விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இனி என்ன சொல்லப் போகிறார் என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அசையாம நிக்கிற விலையை மட்டும் நம்பேலா மருமகன். அது எங்கயோ பாயப் போகுது."

தை போனது, சித்திரை போனது, ஆவணியும் போனது. எனக்கு முப்பத்தொரு வயது. அம்மா என்னைப் பார்க்கிற நேரமெல்லாம் பெருமூச்சு விட்டார். நான் பொறுமைசாலி இல்லை என்பதை ஏற்கனவே சொல்லிவிட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் வாயை ஒரேயடியாக அடைக்கலாம் என்று நினைத்து, கறவைப் பசுவின் விலையில் இரண்டாயிரம் ரூபாய் கூட்டிச் சொன்னேன். இப்படியொரு விலை இனி வராது என்று சத்தியம் பண்ணாத குறை.

மாமா எழும்பி உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது. "மெய்யாவா?" என்றார். அன்று எனக்கு இரண்டு மடங்கு தயிர் கிடைத்தது.

அவர் விற்கவில்லை. ஆனால் மருமகன் கொண்டுவந்த விலையைக் கோயிலடியிலும் துறையடியிலும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அவருடைய ஊரிலிருந்து ஆறு பேர் மாடுகளோடு பாதை ஏறி வந்துவிட்டார்கள். சென்றியில் அரை நாள் வெயிலில் காய்ந்து, சந்தைக்குள் நுழைந்து, காக்காவிடம் விலை கேட்டு, நேராக என் மேசைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் நிதானமாகத்தான் பேசினார்.

"உன்ட மாமாவுக்கு நீ சொன்ன விலைக்கு நீயே வாங்கு மனே."

பலகைக்குப் பின்னால் ஒளிய முடியுமா என்று பார்த்தேன். பலகை சின்னது. ஆறு பேரிடமும் பிழை என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். காக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, நான்கு பேரின் மாடுகளை அன்றைய நல்ல விலைக்கு எடுக்கச் செய்தேன். மற்ற இருவரும் மாட்டைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பாதைக் காசு என் பையிலிருந்துதான் போனது. அழகான கையெழுத்துக்காரன் என்ற என் மரியாதையும் அன்றோடு கொஞ்சம் போனது.

மறுநாள் துறையில் இறங்கும்போது மச்சாள் தனியாக வந்து நின்றாள். அவள் அப்படி வந்து நிற்பவள் இல்லை.

"பொய் விலையா சொன்னீங்க மச்சான்?"

"ஓம்."

"ஏன்?"

"ஏனா? இன்னும் எவ்வளவு காலம் பாத்துக்கொண்டு இருக்கிறது? உனக்குக் கல்யாணம் வேணாமா?"

அவள் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்பாக்குப் பிரச்சினை விலை இல்ல. அது உங்களுக்கு இவ்வளவு நாளும் விளங்கல்லயா?"

"அப்ப என்ன பிரச்சினை?"

"நீங்க பலகையையே பாக்கிற ஆள்" என்றாள். "சரி, இண்டைக்கு வீட்ட வராதீங்க. அப்பா உங்களில கோவமா இரிக்கார். கிறுகிப் போங்க."

அதே பாதையில் திரும்பினேன். வழி முழுக்க எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தக் கிழமை கந்தோரில் எழுதிய கடிதங்களில் எத்தனை பிழை விட்டேன் என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை வந்தது. படுவான்கரையில் சண்டை தொடங்கப் போகிறது என்று மூன்று நாளாகக் கதை அடிபட்டதில் விலை படுத்துக் கிடந்தது. பதினொரு மணியளவில் சந்தை வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மச்சாள் ஒரு கிழட்டுப் பசுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பின்னால் நான்கு பசுக்கள். அவற்றுக்குப் பின்னால் கையில் கம்போடு மாமி, வேர்த்து விறுவிறுத்து, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்போடு. சென்றியில் நின்ற ஆமிக்காரப் பெடியன், மனிதரிடம் அடையாள அட்டை கேட்கிற தோரணையில், "மாட்டுக்கு ஐசி எங்கே?" என்று பகிடி விட்டானாம். மச்சாள் மாட்டைத் திருப்பித் தொடையிலிருந்த குறியைக் காட்டி, "இஞ்ச இரிக்கு" என்றாளாம். அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அதைச் சொல்லித்தான் மாமி சிரித்துக்கொண்டு வந்தார்.

மச்சாள் சீட்டை என் மேசையில் வைத்தாள். உத்தியோகக்காரனாக எடுத்துப் பார்த்தேன். சொந்தக்காரர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது. பிழை என்று நினைத்து எழும்பிப் போய் மாட்டின் தொடையைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். ஒவ்வொரு குடிக்கும் ஒரு குறி. மாமா என் அம்மாவின் அண்ணன், அதனால் அவரும் நானும் ஒரே குடி. எங்கள் குறி ஒரு வட்டமும் அதன் கீழ் ஒரு கோடும். இந்த மாடுகளில் அது இல்லை. மூன்று கிளை வைத்த வேறொரு குறி இருந்தது. மாமியின் குடிக்குறி. மாமி கல்யாணத்தில் சீதனமாகக் கொண்டுவந்த பசுக்களின் வழி அவை. தாயின் குறி மகளுக்கு. மாமா வாய்க்கு வாய் "என்ட மாடு" என்று சொன்ன ஐந்தில் ஒன்றுகூட அவருடையது இல்லை. வருசம் முழுக்க ஊரான் மாட்டின் தொடையையெல்லாம் பார்த்து முத்திரை குத்திய நான், என் கல்யாணத்தைத் தாங்கி நின்ற மாடுகளின் தொடையை ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. ஆளாளுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்பது என் தொழில். மாமாவிடம் மட்டும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"நேத்துப் பின்னேரம் சொல்லித்தான் வந்தது" என்றார் மாமி. "யாரிட மாட்டை யாரு விக்கிறது எண்டு சத்தம் போட்டார். குறியைப் பாருங்க எண்டு புள்ள சொன்னாள். மறுகா ஆள் வாயே திறக்கல்ல."

காக்கா வந்து நான்கு பசுக்களையும் சுற்றிப் பார்த்து, பல்லைப் பார்த்து, மச்சாளின் காதுக்குக் கிட்ட ஒரு விலை சொன்னார். அவள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். அவர் கொஞ்சம் ஏறினார். நல்ல மனிதர், ஏமாற்றவில்லை. ஆனால் அன்றைய நிலவரம் அதுதான். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"இந்தக் கதையெல்லாம் அடங்கினா விலை ஏறும். ரெண்டு கிழமை பொறுப்பம்" என்றேன்.

மாமியும் மச்சாளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வருசத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"அப்பாட வாய் உங்களுக்கும் வந்திட்டு" என்றாள். பிறகு காக்காவைப் பார்த்து, "குடுத்தாச்சு" என்றாள்.

காக்கா கிழட்டுப் பசுவின் பக்கம் கையைக் காட்டினார். "இதையும் தாங்க தங்கச்சி. வயசு போனது, ஆனா இறைச்சிக்கு ஒரு விலை போட்டுத் தாறன்."

"இது விக்க இல்ல காக்கா. இது முன்னுக்குப் போகாட்டி மத்ததுகள் பாதையில ஏறா. அதுக்குத்தான் கொண்டு வந்தது."

அவள் என் பக்கம் திரும்பினாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, சீட்டுக்கு முத்திரை கேட்டு வந்த ஒரு வியாபாரி மாதிரித்தான் பேசினாள்.

"மச்சான், அப்பாக்கு விடிய எழும்பினாப் போறத்துக்கு இந்த மாடுகள்தான் இருந்திச்சு. மாட்டை வித்தா ஓடு வரும், ஓடு வந்தா கலியாணம், கலியாணம் எண்டா அவர் வீட்டைக் குடுத்திட்டு மூலையில குடிலுக்குப் போகணும். அந்தக் குடிலுக்குக் கம்பு கூட இன்னும் வெட்டல்ல. அதுக்குப் பயத்திலதான் விலை கேட்டுக் கேட்டுக் காலத்தைக் கடத்தினார்." மாமியின் பக்கம் கையைக் காட்டினாள். "எங்கட அம்மாவும் அப்பாவும் குடிலுக்குப் போகமாட்டாங்க. அந்த வீட்டிலதான் எங்களோட இருப்பாங்க. ஊர் என்ன சொன்னாலும் சரி. இதுக்கு நீங்க ஓம் எண்டாத்தான் முத்திரை குத்துங்க. இல்லாட்டி மாட்டைக் கொண்டு போறன்."

காக்கா தலையைக் குனிந்துகொண்டார். மாமி மாட்டின் முதுகைத் தடவத் தொடங்கினார். மனைவியைப் பெற்றவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிற மாப்பிள்ளையை எங்கள் ஊர் எப்படிக் கேலி பண்ணும் என்று எனக்குத் தெரியும். ஒரு வருசமாக மாமாவின் எதிரில் இருந்து அவருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த மனிதரின் முகத்தை ஒருநாள் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் அவளைக் காக்க வைக்கவில்லை. முத்திரையை எடுத்து நான்கு தடவை குத்தினேன்.

அன்று பின்னேரம் பலகையை எழுதி முடித்துவிட்டு, நானும் அவர்களோடு பாதையில் ஏறினேன். கிழட்டுப் பசு நடுவில் நின்று வாவியைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டு வந்தது. மாமி களைத்துப்போய்ப் பாதையின் ஓரக் கட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டார். மச்சாளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். எனக்கு அப்படியொரு சந்தோசம்.

அக்கரைத் துறையில் மாமா நின்றார். எப்போது வந்து நின்றாரோ, சால்வையால் முகத்தைத் துடைத்தபடி இருந்தார். பசு இறங்கியதும் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. மச்சாள் அவர் பக்கத்தில் போய், சந்தையில் என்னிடம் கேட்டதையும் நான் முத்திரை குத்தியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார். கேட்டு முடித்த பிறகும் வெகுநேரம் சொறிந்துகொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. குரலில் மட்டும் பழைய அதிகாரம்.

"என்ன மருமகன் நிண்டு பாத்துக்கொண்டிரிக்கீங்க?" என்றார். "சுறுக்காச் சொல்லுங்க, ஓடு எப்ப வரும்?"